எழுத்துப் பிழை இல்லாத பொய்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பத்தொரு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. கோடு போடாத தாளில்கூட வரி சாயாது. கடற்கரையில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும், உண்ணாவிரதத்துக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டுமென்றாலும், கலெக்டரிடம் கோரிக்கை கொடுக்க வேண்டுமென்றாலும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். அதற்குக் காசு வாங்கியதில்லை. கைதட்டல் வாங்கியிருக்கிறேன். காசே வாங்கியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

சின்ன வயதில் பாவசங்கீர்த்தனக் கூண்டருகே முழங்காலிட்டு, "பொய் சொன்னேன் சாமி, மூணு தடவை" என்று எண்ணிக்கை மட்டும் சொல்வோம். யாரிடம், எதற்கு என்று சாமியார் கேட்கமாட்டார். பின்னால் நீளமான வரிசை நிற்கும். இங்கே வரிசை இல்லை. விவரமாகவே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் கடலின் கிழமைக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மட்டுமே தொழிலுக்குப் போகும். மற்ற நான்கு நாளும் கடல் நாட்டுப்படகுக்கு. வெளியூர்க்காரர்கள் இதை அதிகாரிகள் யோசித்துப் போட்ட விதி என்று நினைக்கிறார்கள். அடிதடியில் பிறந்த விதி இது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியபோது விசைப்படகும் இழுவை மடியும் வந்தன. இரண்டு பலகைகள் வாயை விரித்துப் பிடிக்க, அடிக்கயிறு தரையைச் சுரண்டிக்கொண்டே போகிற பை அது. இறாலோடு குஞ்சுமீன், பாசி, சங்கு, கல் எல்லாம் ஏறி வரும். விலை போகாததைச் சங்காயம் என்று குவித்து, கோழித்தீவனத்துக்கு லாரி ஏற்றுவோம். அந்த மடி போகிற பாதையில் நாட்டுப்படகுக்காரன் இரவு விட்டுவிட்டு வந்த வலை இருந்தால், காலையில் அவன் மிதவையைத்தான் பொறுக்க வேண்டும். எழுபதுகளில் தமிழகக் கடற்கரை நெடுக இதற்காக மண்டை உடைந்தது, படகுகள் எரிந்தன. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து கரையை ஒட்டிய கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. எங்கள் பக்கத்தில் அதோடு இந்தக் கிழமைப் பங்கும் சேர்ந்துகொண்டது. இரண்டு தரப்புக்கும் அதில் நஷ்டம். விசைப்படகுக்கு வாரத்தில் நான்கு நாள் போச்சு, நாட்டுப்படகுக்கு மூன்று நாள் போச்சு. ஒருவரையொருவர் மன்னித்ததாக எனக்குத் தெரியவில்லை. கிழமையை மட்டும் பிரித்துக்கொண்டார்கள். அது இன்றைக்கும் நிற்கிறது.

இதை வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஜனநாயகம் என்றால் டெல்லியைக் காட்டாதே, பாம்பன் ஜெட்டியைப் பார் என்று பையன்களுக்கு வீரவசனம் பேசியவன் நான். சுற்றுலா வருகிறவர்களிடம் பேசும்போது எங்கள் ஆட்கள் எடுக்கிற பாட்டு வேறு. கலாமின் அப்பா பள்ளிவாசல் இமாம், அவருடைய சிநேகிதர் கோயில் அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி, எங்கள் தீவில் மதச் சண்டையே கிடையாது என்பார்கள். உண்மைதான். அந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை படகுச் சண்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதுவும் ஒரு வசதி.

என் தாய்மாமாவுக்கு விசைப்படகு. ஆசிரியர் சேமநல நிதியில் கடன் எடுத்து அதில் கால் பங்கு போட்டேன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது பாம்பனில் வல்லம் வைத்திருந்த நாட்டுப்படகுக் குடும்பத்தில். படகு வீட்டுப் பெண்ணை வல்லத்து வீட்டுக்கு அவ்வளவு சுலபத்தில் கொடுக்கமாட்டார்கள்; எங்கள் அப்பாவுக்கு அந்தக் குடும்பம் பிடித்திருந்தது, கொடுத்தார். அமெரிக்காவில் எதிர்க்கட்சிக்காரர் வீட்டில் பிள்ளை சம்பந்தம் செய்தால் வருத்தப்படுவீர்களா என்று 1960-ல் கேட்டபோது நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் ஆமாம் என்றார்களாம். 2010-ல் அங்கே குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவரும் ஆமாம் என்றிருக்கிறார்கள். இதைப் படித்தபோது ஆச்சரியமாக இல்லை. எங்கள் ஊரில் கட்சி மாறி சம்பந்தம் செய்வார்கள். படகு மாறித்தான் செய்யமாட்டார்கள்.

2013 செப்டம்பர். ஒரு வியாழக்கிழமை. நாட்டுப்படகின் நாள். மாமாவுக்கு டீசல் பாக்கி, கம்பெனிக்காரர் முன்பணத்துக்கு நெருக்கினார். கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்காமல், விளக்கை அணைத்துக்கொண்டு படகு போனது. போகிற விஷயம் எனக்கு முன்னாலேயே தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை. "பார்த்துப் போங்க மாமா" என்றேன். மச்சான் அன்று மாலை இருபது துண்டு நண்டு வலை விட்டிருந்தார். புது வலை. அக்காவின் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது அந்த வலைக்காகத்தான். விடியற்காலையில் அவர் கைக்கு வந்தது மூன்று துண்டு. இருட்டில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எங்கள் படகு என்று கண்டுபிடித்திருக்கிறார். கடலில் இருக்கிறவனுக்குப் படகின் சத்தம் ஆளின் இருமல் மாதிரி.

மச்சான் கொடுத்த புகாரில் விசாரணை வந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. வாத்தியார் சொன்னால் எடுபடும் என்று மாமா என்னைக் கூட்டிப்போனார். "மேற்படி தேதி இரவு மேற்படி படகு கரையில் நங்கூரமிட்டு நின்றதை நான் நேரில் கண்டேன்" என்று நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன். தாளைப் படித்துப் பார்க்க மச்சானிடமும் கொடுத்தார்கள். மெதுவாக, விரல் வைத்துப் படித்தார். என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது, "எழுத்துப் பிழையே இல்ல மாப்ளை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. புகார் அதோடு படுத்துவிட்டது.

அந்தத் தாளை எழுத வேறு யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினார்களா என்று எத்தனையோ ராத்திரி தேடிப் பார்த்திருக்கிறேன். ஆள் அகப்படவில்லை.

இதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் எப்படிப்பட்ட ஆள் என்று புரியும். 2012-ல் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போனேன். 285 ஏக்கர் கட்டாந்தரை, முட்செடி, ஒரு சிறிய கோயில். 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் போட்ட ஒப்பந்தத்தில் அது இலங்கையின் பக்கம் போனது. யாத்திரைக்காரர்கள் பயணப் பத்திரம் இல்லாமல் வந்துபோகலாம் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. திருவிழாவில் இரண்டு கரைத் தமிழரும் ஒரே திருப்பலியில் நிற்பார்கள். இலங்கைப் பக்கத்து நெடுந்தீவுப் பெரியவர் ஒருவர் சிலுவைப்பாதை முடிந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"தம்பி, சண்டைக் காலத்தில நேவி எங்களைக் கடலுக்கு விடேல்லை. இப்ப நேவி விட்டிருக்கு. நீங்கள்தான் விடுறியள் இல்லை" என்றார்.

முப்பது வருடப் போரில் அவர்களுடைய கடல் பூட்டிக் கிடந்தது. எங்கள் படகுகள் அந்த வெற்றிடத்தில் போய் வளர்ந்தன. 2009 மே மாதம் போர் முடிந்து அவர்கள் கடன்பட்டு வலை வாங்கி இறங்கியபோது, வாரத்துக்கு மூன்று இரவு எங்கள் மடி அவர்கள் வலைக்கு மேலே போனது. இரண்டு தரப்பு மீனவர்களும் 2010-லிருந்தே பலமுறை உட்கார்ந்து பேசினார்கள். மடியை நிறுத்துங்கள் என்று அவர்கள் கேட்டதும், கால அவகாசம் கொடுங்கள் என்று நாங்கள் கேட்டதும் எனக்குத் தெரியும். இலங்கை நாடாளுமன்றம் 2017 ஜூலையில் இழுவை மடியையே தடை செய்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர்கள் வடக்குத் தமிழர்கள். எங்கள் மேடைகளில் அதைச் சிங்களச் சட்டம் என்றோம்.

திருவிழாவிலிருந்து திரும்பி வந்து எழுதிய கட்டுரையில் பெரியவரின் பேச்சு வரவில்லை. "இலங்கைத் தமிழ்ச் சொந்தங்கள் நம்மைக் கட்டித் தழுவி வரவேற்றார்கள்" என்று எழுதினேன். தழுவியது நிஜம். தழுவிவிட்டு என்ன கேட்டார் என்பதை விட்டுவிட்டேன்.

நான் எழுதிய எல்லாமே பொய் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2017 மார்ச்சில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கடலில் குண்டடிபட்டுச் செத்தான். உடலை வாங்கமாட்டோம் என்று ஊரே நாள்கணக்கில் உட்கார்ந்தது. அவனுக்கு எழுதிய கண்ணீர் அஞ்சலியில் ஒரு எழுத்தையும் இன்றும் மாற்றமாட்டேன். சுட்டது நாங்கள் இல்லை என்றது இலங்கைக் கடற்படை. சிறையில் கிடந்தவர்கள், காங்கேசன்துறையில் மட்கிப் போன படகுகள், வட்டிக்கடையில் சுருண்டுபோன குடும்பங்கள், எல்லாம் என் கண்ணால் பார்த்தவை. அதுதான் சங்கடம். கையில் ஒரு பெரிய உண்மை இருந்தால் அதன் நிழலில் எத்தனை சின்னப் பொய்யை வேண்டுமானாலும் கட்டி வைக்கலாம். யாராவது மடியைப் பற்றிக் கேட்டால் "அப்போ சுட்டது சரியா?" என்று திருப்பிக் கேட்பேன். வாய் மூடிவிடுவார்கள். அந்தக் கேள்வியை ஊருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவனே நான்தான் என்று நினைக்கிறேன்.

2024 பிப்ரவரி. எங்கள் படகோட்டிகள் சிலருக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பைக் காட்டக் கச்சத்தீவுத் திருவிழாவைப் புறக்கணிப்பது என்று முடிவானது. அந்த அறிக்கையில் என் கையும் இருந்தது. அக்கா ஆள் அனுப்பினாள். பேத்திக்கு உடம்பு தேறினால் கச்சத்தீவுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறாளாம், ஒரு படகாவது போகவிடக் கூடாதா என்று கேட்டாள். "ஒட்டுமொத்த முடிவு, அதில் ஓட்டை போட முடியாது" என்று சொல்லி அனுப்பினேன். கூடப் பிறந்தவளுக்கு அறிக்கை நடையில் பதில் சொன்னேன்.

அடுத்த மாதம் தேர்தல் சூடு. மார்ச் 31-ஆம் தேதி பிரதமர் கச்சத்தீவைக் கொடுத்தது யார் என்று கிளப்ப, பத்து வருடமாக நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இங்கிருந்து திருப்பிக் கேட்க, ஏப்ரல் 19 வாக்குப்பதிவு வரை எங்கள் தீவில் டீக்கடை பெஞ்சுகூட இரண்டாகப் பிரிந்தது. எங்கள் மக்களவைத் தொகுதியே அந்த முறை ஒரு வேடிக்கை. முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். வாக்காளரைக் குழப்ப அதே பெயரில் இன்னும் சிலர் நின்றார்கள். கடைசியில் ஏற்கெனவே உறுப்பினராக இருந்த நவாஸ்கனியே மறுபடி ஜெயித்தார். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் நான். ஒரு கட்சிக்காக ராத்திரி பகலாகக் கச்சத்தீவு வரலாறு எழுதிப் போட்டேன். எந்தக் கட்சி என்பதில் பொருள் இல்லை. மற்றக் கட்சிக்காரனும் அதே வேலையைத்தான் செய்தான், எழுத்துப் பிழைகளோடு.

ஏழெட்டு வருடமாக அந்தக் குரூப்பில் ஒரு வார்த்தை போடாத மச்சான், ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு ஒரே வரி போட்டார். "தீவு வந்தா என் வலை வந்துருமா."

அந்த வரிக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. நாளைக்கே கச்சத்தீவு நம் கைக்கு வந்தாலும் எங்கள் படகுகள் அதைத் தாண்டித்தான் போகும். நம் பக்கத்துத் தரையைச் சுரண்டித் தீர்த்துவிட்டோம். மச்சானின் வலையைக் கிழித்த இடம் கச்சத்தீவு இல்லை, பாம்பனிலிருந்து கூப்பிடு தூரம். இது அத்தனையும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்றால், அவர் பெயரை அழுத்தி, குரூப்பிலிருந்து நீக்கினேன். ஒரு நொடி வேலை. நீக்கிய செய்தி கீழே சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தில் வந்தது. அதன் கீழே யாரோ கட்டைவிரல் உயர்த்தினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தேன். கோபத்தில் செய்தேன் என்றால் ஒரு சாக்காவது கிடைக்கும். கோபமே வரவில்லை. நம் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற சுகம்தான் வந்தது.

மகள் மதுரையில் உளவியல் படித்தாள். அவள் புத்தகத்தில் ஒரு சோதனை. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹென்றி தாஜ்ஃபெல் என்பவர் பள்ளிப் பையன்களை, இன்ன ஓவியர் உனக்குப் பிடிக்கும், இன்னவர் அவனுக்குப் பிடிக்கும் என்று சும்மா ஒரு பேச்சுக்குப் பிரித்துக் காசைப் பங்கு போடச் சொன்னார். தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் சரி, எதிர்க் குழுவைவிடக் கூட இருந்தால் போதும் என்று பையன்கள் பங்கு வைத்தார்களாம். மகள் வாசித்துக் காட்டியபோது, "இதைக் கண்டுபிடிக்க பிரிஸ்டல் வரைக்கும் ஏன் போனார்கள்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் படிப்புக்குக் கட்டிய பணத்தில் அந்த வியாழக்கிழமை இறாலும் கொஞ்சம் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி, கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தேர்தலில் அடித்துக்கொண்ட கட்சிகள் அத்தனையும் ஒரே பக்கம் கை தூக்கின. தொலைக்காட்சியில் பார்த்தபோது முதலில் நெகிழ்ந்துதான் போனேன். பிறகு எனக்கு அந்தக் கிழமைக் கணக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கணக்கைப் பேச உட்கார்ந்த ஒவ்வொருவனும் தன் பங்கிலிருந்து நாள் எடுத்துக் கொடுத்தான். பேரவையில் கை தூக்கிய யாருக்கும் ஒரு நாள்கூட நஷ்டம் இல்லை. இழுவை மடியைப் பற்றிப் பேசினால் ராமேஸ்வரத்தில் ஓட்டுப் போகும். பேசாமல் விட்டால் நெடுந்தீவில் போகிற ஓட்டு நம் ஓட்டு இல்லை. இல்லாத ஆளின் செலவில் எல்லோரும் ஒன்றாகிவிடுவது எப்படி என்பதை என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? என் நோட்டீஸ்களில் அதைத்தானே செய்தேன்.

பாம்பனில் புதுப் பாலம் திறந்தது அதற்கு நாலு நாள் கழித்து. ஊரெல்லாம் போலீஸ், கடலுக்குப் போக வழியில்லை. அந்தக் கூட்டத்திலும் நெரிசலிலும் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு போனபோதும் ஊர்க்கண்ணுக்குப் பயந்துதான் போனேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மச்சான் வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டு வந்தாள். பையில் பணம் வைத்திருந்தேன். பதினேழு துண்டு வலை, அன்றைய விலை, வட்டி, எல்லாம் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். பழக்கம் போகுமா.

அவர் பணத்தைப் பார்க்கவில்லை, தாளை மட்டும் வாங்கிப் பார்த்தார். "கணக்கு சரிதான். ஆனா மாப்ளை, வலைக்கு நான் அந்த வருசமே கடன் வாங்கி, அடைச்சும் முடிச்சிட்டேன். அந்த ஆபீசு பேப்பர்ல நான் பொய்யன்னு இருக்கு. உங்க கையெழுத்துல இருக்கு. அதை மாத்திக் குடுங்க. காசு அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

சரி என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள் அக்கா. நண்டுக் குழம்பு. சாப்பிட்டேன்.

மாமாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. படகு அவர் பெயரில்தான் இருக்கிறது, என் கால் பங்கும் அதில்தான் இருக்கிறது. மாற்றி எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று வக்கீல் ஒருவரைக் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டபிறகு அந்தப் பக்கம் போகவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை தாளை எடுத்து "மேற்படி தேதியில் நான் அளித்த வாக்குமூலம்" வரை எழுதுகிறேன். அதற்கு மேல் அந்த அழகான கை ஓடுவதில்லை.

மச்சானைக் குரூப்பில் திரும்பச் சேர்க்க அழைப்பு அனுப்பினேன். அவர் இன்னும் ஏற்கவில்லை. இந்தக் கட்டுரையை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்க மச்சான்கிட்ட சொல்லவா?" என்றாள். சொல்லு என்றேன். அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார் போல.

"பத்திரிகையில எழுதுறது இருக்கட்டும்" என்று குரல் வந்தது. "ஆபீசுக்கு எப்பப் போறீங்க?"